வண்டலூரில் பறவை எடுக்க எந்த லென்ஸ்?

வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு ஒரு நாள் போகிறோம். கொக்கு, நாரை, கூழைக்கடா, வாத்து எல்லாவற்றையும் படம் எடுக்க ஆசை. பையில் எதைப் போடுவது? கைப்பேசியே போதுமா, ஜூம் ஒட்டியே வரும் பிரிட்ஜ் கேமராவா, லென்ஸ் மாற்றக்கூடிய டிஎஸ்எல்ஆர் கேமராவோடு 55-250 அல்லது 70-300 லென்ஸா (எண்கள் மி.மீ.யில் போக்கல் நீளம்; பெரிதானால் தூரப் பறவை பெரிதாகத் தெரியும்), இல்லை ஒரு நாள் வாடகைக்கு ஒரு 150-600 எடுத்துவிடலாமா?

யாரைக் கேட்டாலும் "எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது" என்பார்கள். வேடந்தாங்கலுக்கு அது சரி. பூங்காவில் பெரும்பாலான பறவைகள் தூரத்தில் இல்லை. சில மீட்டர் தள்ளித்தான் நிற்கின்றன. நடுவில் கம்பி வலை இருக்கிறது. எந்தக் கருவி அந்த வலையை மறைக்கும் என்பதுதான் இங்கே முதல் கேள்வி. தூரமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

காத்திருக்க வைக்காமல் சொல்லிவிடலாம். ஒரே ஒரு லென்ஸ் என்றால் 70-300. கேமராவே இல்லாதவர் புதிதாக வாங்கப் போகிறார் என்றால் பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்றும் 55-250ம். பெரிய லென்ஸை வாடகைக்கு எடுப்பதற்கு ஒரு பருவமும் ஓர் இடமும் மட்டும் உண்டு. பிரிட்ஜ் கேமராவைப் பலர் நினைப்பதுபோல் ஒதுக்க முடியாது. ஏன் என்பதைப் பார்ப்போம்.

வலையை மறைப்பது எது

"அபெர்ச்சரை (லென்ஸின் ஒளித்திறப்பை) முழுசாகத் திற, வலை மறைந்துவிடும்" என்று சொல்லிக் கொடுப்பார்கள். அது பாதிதான் உண்மை. வலையை மறைப்பது அபெர்ச்சரைக் குறிக்கும் எஃப் எண் (எண் சிறிதானால் திறப்பு பெரிது) அல்ல. லென்ஸின் திறப்பு நிஜத்தில் எத்தனை மி.மீ. அகலம் என்பது. போக்கல் நீளத்தை எஃப் எண்ணால் வகுத்தால் அது கிடைக்கும். 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-இல் திறந்தால் 28 மி.மீ. 300 மி.மீ. லென்ஸை எஃப் 5.6-இல் திறந்தால் 54 மி.மீ. கடையில் "ஃபாஸ்ட் லென்ஸ்" என்று விற்கும் ஐம்பதைவிட, "ஸ்லோ" என்று ஓரங்கட்டப்படும் முந்நூறு, வலையை அழிப்பதில் கிட்டத்தட்ட இரு மடங்கு வல்லது. கைப்பேசியிலும் எஃப் 1.8 என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் அதன் நிஜமான போக்கல் நீளம் 7 மி.மீ. அளவுதான், திறப்பு 4 மி.மீ.யைத் தாண்டாது.

அடுத்து ஒரு சின்னக் கணக்கு. திறப்பின் விட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வலைக்குப் பின்னால் பறவை எத்தனை மீட்டரில் இருக்கிறதோ அதால் பெருக்குங்கள். லென்ஸிலிருந்து பறவை இருக்கும் மொத்தத் தூரத்தால் வகுங்கள். வரும் விடை வலைக்கண்ணின் அகலத்தைவிடப் பெரிதாக இருந்தால் கம்பி கரைந்துவிடும். சிறிதாக இருந்தால் படத்தின் மேல் புகைபோல ஒரு கட்டம் படிந்து நிற்கும்.

ஓர் அங்குல வலை, அதாவது 25 மி.மீ. கண், என்று வைத்துக்கொள்வோம். தடுப்பின் காரணமாக நாம் வலையிலிருந்து 1 மீட்டர் தள்ளி நிற்கிறோம். கையில் 300 மி.மீ., எஃப் 5.6. பறவை வலைக்கு 4 மீட்டர் பின்னால் நின்றால் விடை 43. வலை இருந்த தடமே தெரியாது. 1 மீட்டர் பின்னால் நின்றால் 27, மயிரிழையில் தப்பித்தோம். அரை மீட்டர் பின்னால் வந்து வலையோரமாகவே உட்கார்ந்துவிட்டால் 18. இப்போது எவ்வளவு பெரிய நிபுணர் எடுத்தாலும் கட்டம் விழும். பறவை பக்கத்தில் வந்ததும் பரபரவென்று ஷட்டரை அமுக்குவது மனித இயல்பு. வலை இருக்கும் இடத்தில் அது வீண். பின்னால் போகட்டும் என்று காத்திருக்க வேண்டும்.

அதே 300-ஐ எஃப் 11-க்கு மூடினால் திறப்பு 27 மி.மீ. ஆகிறது. "கூர்மை கூடும்" என்று மூடுகிறவர்கள் வலையைத் தாங்களே கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள். கூண்டு முன்னால் நிற்கும்வரை அபெர்ச்சர் முழுத் திறப்பு, ஜூம் முழு நீளம். இந்த இரண்டையும் தொடக்கூடாது.

இந்தக் கணக்கை நான்கு கருவிகளுக்கும் போட்டுப் பார்த்தால்தான் வேடிக்கை. 55-250 லென்ஸின் கடைசி முனையில் 45 மி.மீ. நிக்கானின் 70-300 டிஎக்ஸ், எஃப் 6.3-இல் 48. கேனான் ஆர்எஃப் 100-400, 400-இல் எஃப் 8 என்பதால் 50. பிரிட்ஜ் கேமராவான நிக்கான் பி900-இன் நிஜமான நீளம் 357 மி.மீ., எஃப் 6.5, ஆக 55. சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4, நிஜத்தில் 220 மி.மீ., எஃப் 4, அதுவும் 55. விலையிலும் எடையிலும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இந்தக் கருவிகளெல்லாம் வலைக்கு முன்னால் ஒரே தட்டில் நிற்கின்றன. விலகி நிற்பவை இரண்டே: 150-600 லென்ஸ் 95 மி.மீ. என்று மேலே, கைப்பேசி 4 மி.மீ. என்று கீழே.

கணக்கில் வராத மூன்று தொல்லைகள் உண்டு. முதலாவது, வெயில் படும் கம்பி. துத்தநாகம் பூசிய புதுக்கம்பி வெயிலில் பளபளக்கும்போது, வலை கரைந்தாலும் அதன் வெளிச்சம் கரையாது. படம் முழுவதும் பால் தெளித்ததுபோல் வெளுத்துப் போகும். கம்பி நிழலில் இருக்கும் பக்கத்துக்கு நடந்து போங்கள். முடியாவிட்டால் உடன் வந்தவர் குடையை விரித்து, லென்ஸுக்கு நேரே உள்ள வலையின் மேல் நிழல் விழச் செய்தாலே போதும். பழைய, கருத்துப்போன வலை நமக்கு வரம். இரண்டாவது, வலையின் நிழல் பறவையின் மேலேயே வரி வரியாக விழுவது. இதற்கு எந்த லென்ஸிலும் மருந்தில்லை. பறவை நிழலுக்குப் போகும்வரை பொறுக்க வேண்டியதுதான். மூன்றாவது, பின்பக்க வலை. முன் வலையை அழித்துவிட்ட மகிழ்ச்சியில் எடுத்த படத்தை வீட்டில் திறந்தால், பறவையின் தலைக்குப் பின்னால் அறுகோண அறுகோணமாக மங்கல் கட்டம் தெரியும். பறவைக்கும் பின் வலைக்கும் இடையே பல மீட்டர் இருக்கிறதா, பின்னால் இலையோ நிழலோ வருகிறதா என்று பார்த்து, இரண்டு எட்டு இப்படியோ அப்படியோ நகர்ந்தால் தீரும்.

பிளாஷ் வேண்டாம். பறவைக்கு அது தொந்தரவு என்பது ஒருபுறம். வெளிச்சம் முதலில் கம்பியில் பட்டு, கம்பி மட்டும் வெள்ளை வெளேரென்று படத்தில் வரும் என்பது மறுபுறம்.

கைப்பேசி

திறப்பு சிறிது என்பது குறையாக இருந்தாலும் அதுவே ஒரு வழியும் தருகிறது. 4 மி.மீ. திறப்பு ஓர் அங்குலக் கண்ணுக்குள் முழுதாக நுழைந்துவிடும். கை வலையை எட்டும் இடத்தில், கம்பிகளுக்கு நடுவே லென்ஸ் வரும்படி கைப்பேசியை ஒட்டிப் பிடித்தால் வலையே இல்லாத படம் கிடைக்கும். ஆனால் பெரும்பாலான கூண்டுகளுக்கு முன்னால் தடுப்பு உண்டு. அதைத் தாண்டிக் கையை நீட்டக்கூடாது. நாரையின் அலகும் பெருங்கிளியின் அலகும் கைப்பேசியைவிட வேகமானவை.

திறந்தவெளியில் தூரம் காலை வாருகிறது. வக்கா என்ற இராக்கொக்கு ஏறக்குறைய 60 செ.மீ. நீளம். 30 மீட்டரில் அது உட்கார்ந்திருந்தால், 5 மடங்கு டெலி (தூரத்தை இழுக்கும் லென்ஸ்) உள்ள நல்ல கைப்பேசியிலும் படத்தின் அகலத்தில் பதினைந்தில் ஒரு பங்குதான் வரும். "100 மடங்கு ஜூம்" என்ற விளம்பரம் அந்தத் துண்டை ஊதிப் பெரிதாக்கி இறகுகளைத் தானே வரைந்து தருவது. பெரிதாக்கிப் பார்த்தால் மெழுகு பொம்மை.

கைப்பேசி மட்டும்தான் என்றால் ஓர் உபாயம்: 8×42 இருநோக்கி. அதன் கண் வில்லையில் கைப்பேசியின் முதன்மை லென்ஸை நேராக ஒட்டிப் பிடித்து, ஓரத்துக் கருவட்டம் மறையும்வரை இரண்டு மடங்கு ஜூம் செய்ய வேண்டும். கைப்பேசியின் 4 மி.மீ. திறப்பு இருநோக்கியின் 8 மடங்கால் பெருகி 30 மி.மீ. வரை வந்துவிடுகிறது; அங்குல வலை கரையும் அளவு. கை நடுங்கினால் வட்டம் நகர்ந்து படம் கருத்துப்போகும் என்பதால், கைப்பேசியைப் பிடித்துவைக்கும் அடாப்டர் ஒன்று வேண்டும். அசையாமல் நிற்கும் பறவைக்கு மட்டுமே இது. பறப்பதைப் பிடிக்க நினைத்தால் எரிச்சல்தான் மிஞ்சும்.

பிரிட்ஜ் கேமரா

பி900 எடை 900 கிராம். அதிலேயே, முழுச்சட்டக் (பெரிய சென்சார்) கேமராவின் 24-இலிருந்து 2000 மி.மீ. வரைக்குச் சமமான பார்வை. அதே 30 மீட்டர் வக்கா இதில் சட்டத்துக்குள் அடங்காமல் வெளியே வழியும். வலையும் கரைகிறது, தூரமும் எட்டுகிறது. பிறகு ஏன் இதையே எல்லோரும் வாங்குவதில்லை?

காரணம் நிழல். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 400, எஃப் 5.6 என்றால் 1/3200 நொடி ஷட்டர் ஸ்பீடு கிடைக்கும். கூண்டுக்குள் மரநிழலில் வெளிச்சம் நான்கு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் பாதியாவது) குறைகிறது. அதே அமைப்பில் 1/200 நொடிதான். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் பறவைக்கு 1/800 வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ 1600 வைத்தாக வேண்டும். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய சென்சாருள்ள பி900-இல் ஐஎஸ்ஓ 1600 என்பது இறகை எண்ணெய்ச் சாயமாக்கிவிடும். டிஎஸ்எல்ஆரில் அதே ஐஎஸ்ஓ ஒரு பொருட்டே அல்ல. ஆர்எக்ஸ்10-இல் ஓர் அங்குல சென்சார் என்பதால் இந்தச் சிக்கல் பாதிக்கு மேல் தீர்கிறது. ஆனால் அதன் விலைக்கு டிஎஸ்எல்ஆரும் 70-300ம் வாங்கிவிட்டு மிச்சமும் பிடிக்கலாம்.

போக்கஸ் இன்னொன்று. முழு ஜூமில் பி900 நிதானமாகத்தான் பிடிக்கும்; தொடர்ச்சியாகச் சில படம் எடுத்தவுடன் எழுதி முடிக்கும்வரை காத்திருக்க வைக்கும். ஆகவே இதற்கேற்ற பறவைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நீர்க்காகமும் பாம்புத்தாராவும் முங்கி எழுந்தபின் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு நிமிடக்கணக்கில் அப்படியே நிற்கும். வக்கா பகலெல்லாம் கிளையில் தூங்கும். சீழ்க்கைச்சிறகியும் பகலில் பெரும்பாலும் ஓய்வுதான். வெயிலில், அசையாமல் நிற்கும் பறவை என்ற எல்லைக்குள் பிரிட்ஜ் கேமராவை வெல்வது கடினம். குழந்தைகளோடு போகிறவர்கள், தோள் வலிக்காரர்கள், அதைத் தயங்காமல் எடுத்துப் போகலாம்.

55-250, 70-300

இந்த வகைக்கு என் ஓட்டு. காரணம் எதிலும் முதலிடம் என்பதல்ல. எங்கேயும் கைவிடாது என்பது.

எடையைப் பாருங்கள். கேனான் 55-250 எஸ்டிஎம் 375 கிராம். நிக்கான் 70-300 டிஎக்ஸ் 400 கிராம் சொச்சம். 602 ஹெக்டேர் பூங்காவில் நடக்கிற நாளில் இது பெரிய விஷயம். பேட்டரி கார் இருந்தாலும், அது நிற்கும் இடத்துக்கும் பறவை நிற்கும் இடத்துக்கும் சம்பந்தம் இருப்பதில்லை.

கிட்டத்துப் போக்கஸும் முக்கியம். உள்ளே நடந்து போகும் பெரிய பறவைக்கூடத்தில் வலை தலைக்கு மேலேதான். பறவை இரண்டு மீட்டரில் வந்து உட்காரும். 55-250 எஸ்டிஎம் 85 செ.மீ.யிலேயே பிடிக்கும், 70-300, 1.1 மீட்டரில். சிக்மா 150-600 கன்டெம்பரரிக்கோ 2.8 மீட்டர் வேண்டும். பறவை நெருங்க நெருங்க நாம் பின்வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும், பின்னால் ஆள் நிற்பார்.

இந்த லென்ஸுக்கான அமைப்பு: கேமராவை அபெர்ச்சர் பிரையாரிட்டியில் (திறப்பு நம் கையில், ஷட்டர் கேமராவின் பொறுப்பு) வைத்து, முழுத் திறப்பு. ஆட்டோ ஐஎஸ்ஓ, மேல்வரம்பு 3200. குறைந்தபட்ச ஷட்டர் ஸ்பீடு, உட்கார்ந்த பறவைக்கு 1/500, நடப்பதற்கு 1/1000, பறப்பதற்கு 1/2000. லென்ஸில் நடுக்கத்தடுப்பு இருக்கிறதே என்று 1/100-க்கு இறங்காதீர்கள். அது நம் கையின் ஆட்டத்தைத்தான் நிறுத்தும், பறவையின் தலையை அல்ல.

கேமரா அடிக்கடி வலையைத்தான் பிடித்துக்கொள்ளும். கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் புதிய மிரர்லெஸ் கேமராக்கள்கூட, வலை ஓரளவு மங்கிய பிறகுதான் பறவையின் கண்ணைக் காணும். ஆகவே முதலில் பறவைக்குப் பின்னால் உள்ள அடிமரம் ஒன்றில் போக்கஸ் செய்யுங்கள். வலை உடனே கரையும். பிறகு ஒற்றைப் புள்ளியைப் பறவையின் கண்ணுக்கு அருகே கொண்டுவந்து அரை அழுத்தம் கொடுங்கள். லென்ஸ் தூரத்திலிருந்து கிட்டத்துக்கு வரும்போது முதலில் பறவையைச் சந்திக்கும். எதிர்த்திசையில் வந்தால் முதலில் கம்பியைச் சந்திக்கும். அவ்வளவுதான் சூட்சுமம். போக்கஸைக் கேமராவின் பின்பக்கப் பொத்தானுக்கு மாற்றி வைத்திருப்பவர்கள் பிடித்த பிறகு விரலை எடுத்துவிட்டு ஷட்டரை மட்டும் அமுக்கலாம்.

ஒரே படம் எடுத்துவிட்டு நகராதீர்கள். பறவைக்கு மூன்றாவது இமை உண்டு. பால் நிறச் சவ்வு கண்ணின் குறுக்கே ஓடி மறையும். நம் கண்ணுக்கு அது தெரியாது. படத்தில் பறவைக்குக் கண்புரை விழுந்ததுபோல் இருக்கும். மூன்று, நான்கு படம் சேர்த்து எடுத்தால் ஒன்றாவது தேறும்.

முழுச்சட்டக் கேமரா வைத்திருப்பவருக்கு ஒரு வார்த்தை. அதில் 300 மி.மீ. போட்டால் 30 மீட்டர் வக்கா சட்டத்தில் ஆறில் ஒரு பங்கு. சென்சார் சிறிதான, சின்ன ஏபிஎஸ்-சி கேமராவில் நான்கில் ஒரு பங்குக்கு மேல். பூங்காவுக்கு மட்டும் சின்ன கேமராவை எடுத்துப் போங்கள், இல்லையென்றால் 100-400.

150-600

இரண்டு கிலோ. சிக்மா 1930 கிராம், டாம்ரான் ஜி2 2010 கிராம், சோனி 200-600 2115 கிராம். இதோடு கேமராவும் சேர்ந்தால் பகல் 12 மணிக்குள் கை உதறும். ஒற்றைக்கால் தாங்கியான மோனோபாட் இல்லாமல் வாடகைக்கு எடுக்க வேண்டாம். மோனோபாடும் ட்ரைபாடும் உள்ளே விடுவார்களா, கேமராவுக்கு என்ன கட்டணம் என்பதை டிக்கெட் கவுன்டரில் கேட்டுவிட்டே உள்ளே போங்கள்.

கூண்டு முன்னால் 95 மி.மீ. திறப்பு அற்புதமாக வேலை செய்கிறது என்பதை மறுக்க முடியாது. இரண்டங்குலச் சங்கிலி வலை, 50 மி.மீ. கண், 70-300-ஐ ஏமாற்றும்; 600-இடம் பலிக்காது. சிக்மாவில் போக்கஸ் வரம்புச் சுவிட்ச் உண்டு. அதை 10 மீட்டருக்கு மேல் என்று வைத்தால் லென்ஸ் முன் வலையின் பக்கமே போகாது. ஆனால் 600-இன் பார்வைக்குள் அடங்க, ஒரு மீட்டர் உயர நாரை வெகு தொலைவில் நிற்க வேண்டும். 8 மீட்டரில் நிற்கும் மஞ்சள்மூக்கு நாரை இதில் தலையும் அலகுமாகத்தான் வரும். 150-க்கு இறக்கினால் திறப்பு 30 மி.மீ. ஆகிவிடும், அதற்கு 70-300-ஏ மேல்.

இந்த லென்ஸ் தன் வாடகையைச் சம்பாதிக்கும் இடம் ஓட்டேரி ஏரி. பூங்காவுக்குள்ளேயே இருக்கும் இந்த ஏரிக்கு வருபவை காட்டுப் பறவைகள். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறைந்தபின், டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் போகத் தகுந்த காலம். மழை பொய்த்த ஆண்டில் ஏரி வறண்டும் கிடந்திருக்கிறது. அந்த ஆண்டில் பெரிய லென்ஸ் வெறும் சுமை. போவதற்கு முன் அண்மையில் போய்வந்தவர்களின் பறவைப் பட்டியலை ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

80 மீட்டரில் ஒரு வக்கா என்றால், 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கேமராவில் 300 மி.மீ. போட்டு எடுத்தால் பறவை 600 பிக்சல் நீளம். வாட்ஸ்அப்புக்குப் போதும், அச்சுக்குப் போதாது. 600 மி.மீ. என்றால் 1200 பிக்சல். பி900-இல் 2000 பிக்சல் வரும். ஆனால் பிக்சல் எண்ணிக்கையும் இறகின் விவரமும் ஒன்றல்ல. கூழைக்கடாவாக இருந்தால் நிலைமை வேறு. ஒன்றேகால் மீட்டருக்கு மேல் நீளமுள்ள பறவை, 300-இலும் தாராளமாக வரும்.

காலை 11 மணிக்குமேல் ஏரியின் மேல் காற்று கொதிக்கத் தொடங்கும். அப்போது எடுத்த படங்கள் எல்லாம் லேசாக அலையடித்து, எந்தப் படமும் கூர்மையாக இராது. லென்ஸில் கோளாறு, போக்கஸ் தள்ளிப் போகிறது என்று கடைக்குப் போகிறவர்கள் உண்டு; கோளாறு காற்றில். நீண்ட லென்ஸ் அந்த அலையையும் சேர்த்துப் பெரிதாக்கும். கானல் ஆடும் நேரத்தில் 2000 மி.மீ. பிரிட்ஜும் 600-உம் 300-உம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

எந்த நேரம்

பறவைப் படம் என்றால் அதிகாலை என்பது மந்திரம்போல் ஓதப்படுகிறது. பூங்காவில் அந்த மந்திரம் பலிக்காது. வாயில் திறப்பது 9 மணி வாக்கில். டிசம்பரில்கூட அதற்குள் சூரியன் 30 டிகிரி உயரம் ஏறியிருக்கும். மாறாக, டிசம்பரில் சென்னைப் பக்கம் சூரியன் மறைவது 5.45 மணி அளவில். மாலை நாலேகாலுக்கு வெளிச்சம் 20 டிகிரிக்கும் கீழே இறங்கி, பறவையின் கண்ணுக்குள் நேராக விழுகிறது. பூங்கா நேரத்துக்குள் கிடைக்கும் தாழ்ந்த வெயில் மாலையில்தான், அதுவும் டிசம்பர், ஜனவரியில்தான். ஆக, காலையில் கானல் எழுவதற்கு முன் ஏரி, நடுப்பகலில் மேலே மறைப்புள்ள பறவைக்கூடம், மாலையில் நீர்ப்பறவை அடைப்புகள் என்று வைத்துக்கொள்வது நல்லது. மாலையில் மூடும் நேரத்தைக் கேட்டுவைத்துக்கொண்டு, கடைசி அடைப்பை வாயிலுக்குப் பக்கத்தில் இருப்பதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை மறந்து வண்டலூர் வரை போய்த் திரும்புகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். ஞாயிறு கூட்டத்தில் கூண்டு முன்னால் பத்து நிமிடம் நிற்க விடமாட்டார்கள். வார நாள் உத்தமம்.

ஏசி காரிலிருந்து இறங்கியவுடன் பையைத் திறக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் சென்னை ஈரக்காற்று பட்டதும் லென்ஸ் பனித்துக்கொள்ளும். துடைத்தால் மறுபடி பனிக்கும். உள்ளே பனித்தால் துடைக்கவும் முடியாது. ஜிப்பை மூடியபடியே இருபது, முப்பது நிமிடம் விட்டு, டிக்கெட் வரிசையெல்லாம் முடிந்தபின் எடுத்தால் தொல்லை இல்லை.

வெள்ளை இறகு

நான்கு கருவிகளில் எதை எடுத்தாலும் ஒரே மாதிரி தவறும் இடம் இது. இருண்ட மரத்துக்கு முன்னால் வெள்ளைக் கொக்கு நிற்கிறது. கேமரா இருட்டைப் பார்த்துவிட்டு வெளிச்சத்தைக் கூட்டும். கொக்கு வெறும் வெள்ளைக் காகிதமாகிவிடும். எக்ஸ்போஷர் ஈடுசெய்வதை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை) மைனஸ் 0.7-இல் தொடங்கி, வெயிலில் மைனஸ் 1 வரை இறக்குங்கள். திரையில் வெளுத்த பகுதி மினுக்கும் எச்சரிக்கையைப் போட்டுவைத்தால், கழுத்தும் முதுகும் மினுக்காதவரை இறக்க வேண்டும் என்பது புரிந்துவிடும். நீர்க்காகத்துக்கு நேர்மாறு: வெளிறிய வானத்துக்கு முன்னால் பிளஸ் 1 கொடுத்தால்தான் கறுப்பில் செம்பு மினுக்கம் தெரியும். கைப்பேசியில் பறவையைத் தொட்டு, வரும் சூரியக் குறியைக் கீழே இழுப்பது இதே வேலைதான்.

மஞ்சள்மூக்கு நாரையை வைத்து இதைப் பழகலாம். நெற்றியும் முகமும் இறகில்லாத செம்மஞ்சள் தோல், அலகு மஞ்சள், உடல் வெள்ளை, மார்பின் குறுக்கே கறுப்புப் பட்டை, வால்பக்கம் இளஞ்சிவப்பு இறகுகள். வெளிச்சம் ஒரு ஸ்டாப் கூடினால் முதலில் காணாமல் போவது அந்த இளஞ்சிவப்பு. அது தெரிகிறதா என்று திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். தெரிந்தால் மற்ற எல்லாம் சரியாகத்தான் இருக்கும். கூழைக்கடாவில் அதே வேலையைச் செய்வது மேல் அலகின் ஓரமாக வரிசையாக ஓடும் நீலச்சாம்பல் புள்ளிகள்.

நீர் ஓரத்தில் உட்கார்ந்து எடுங்கள். நின்றபடி எடுத்தால் வாத்தின் முதுகும் பச்சைத் தண்ணீரும்தான் வரும். லென்ஸ் வாத்தின் கண் உயரத்துக்கு வந்தால் பின்னணி தூரமாகி, முன்னும் பின்னும் தானாக மங்கும். தண்ணீரின் பளபளப்பைக் குறைக்கப் போலரைசர் உதவும். ஆனால் அது ஒன்றரை, இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும். வெயிலில் போடலாம், நிழலில் கழற்றிவிடுங்கள்.

யாருக்கு எது

கைப்பேசி மட்டும் இருப்பவர் லென்ஸ் வாங்குமுன் இருநோக்கி வாங்கட்டும். படம் வராவிட்டாலும் பறவை தெரியும். 70-300 வைத்திருப்பவர் ஜூன் மாதத்தில் 150-600-ஐ வாடகைக்கு எடுப்பது பணத்தைக் குளத்தில் போடுவது. டிசம்பர், ஜனவரியில், ஏரியில் தண்ணீர் இருந்தால் மட்டும் எடுக்கலாம். அப்போதும் 55-250-ஐயும் பையில் போட்டுக்கொள்ளுங்கள், 375 கிராம்தானே. காட்டுப் பறவை மட்டுமே வேண்டும் என்பவர் வண்டலூரில் நிற்காமல் ஜிஎஸ்டி சாலையில் தெற்கே போய், படாளம் வழியாக வேடந்தாங்கலுக்குத் திரும்பட்டும். வலைக் கணக்கே வேண்டியதில்லை, 600 அங்கே நியாயம்.

எடுத்தாயிற்று, படத்துக்குப் பெயர் போட வேண்டும். நீர்ப்பறவை அடைப்பில் ஒரு குழப்பம் உண்டு. மீன் போடும் இடத்துக்கு வெளியிலிருந்தும் வக்காவும் கொக்கும் வந்து உட்காரும். உள்ளே இருப்பதும் அதே இனமாக இருக்கலாம். பழுப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட இளம் வக்காவை மடையான் என்று எழுதிவிடுகிறவர்களும் உண்டு. மடையானுக்குப் பறக்கும்போது சிறகு பளீரென்று வெள்ளையாகத் தெரியும், வக்காக் குஞ்சுக்கு அது இல்லை. ஈபேர்டில் கூண்டுப் பறவையைச் சேர்க்கக்கூடாது. உயிரினப் பதிவுத் தளமான ஐநேச்சுரலிஸ்டில் வளர்ப்பு என்று குறித்துவிட்டுப் போடலாம். ஆகவே ஒவ்வோர் அடைப்பு முன்னாலும் முதலில் பெயர்ப்பலகையை ஒரு படம், அடுத்து வலையும் பறவையும் சேர்ந்து தெரிகிற மாதிரி அகலமாக ஒரு படம், அதற்குப் பிறகு நீள ஜூம். வீட்டுக்கு வந்தபின் எது உள்ளே இருந்தது, எது வலைக்கு மேலே உட்கார்ந்திருந்தது என்று அந்த அகலப் படத்தைப் பார்த்துப் பிரித்துவிடலாம்.